பழைய பீங்கான் ஜாடியா? முதல்ல அதைக் கவுத்துப் பாருங்க!

வணக்கம் மக்களே! 2022 அக்டோபர்ல பிரான்ஸ் நாட்டு ஃபோன்டன்ப்ளோ ஊர்ல ஒரு ஏலம் நடந்துச்சு. வெள்ளைப் பீங்கான்ல நீல டிராகன் வரைஞ்ச ஜாடி, 54 சென்டிமீட்டர் உயரம். மதிப்பு போட்டவர், "இது 20ஆம் நூற்றாண்டுப் பொருள், 1,500ல இருந்து 2,000 யூரோ வரைக்கும் போகும்"னு எழுதி வச்சுட்டாரு. ஏலம் முடிஞ்சப்போ விலை 77 லட்சம் யூரோ! கட்டணமும் சேர்ந்து 91 லட்சத்தைத் தாண்டிடுச்சு. வாங்க வந்தவங்க அதை 18ஆம் நூற்றாண்டு, சியான்லாங் பேரரசர் காலத்து ஜாடின்னு நம்பினாங்க.

ஜாடி ஒண்ணுதான். ஆனா ரெண்டு பேர் சொல்ற வயசுக்கு நடுவுல சுமார் 200 வருஷம் இடைவெளி. அப்போ பழைய ஜாடிக்கு எப்படித்தான் வயசு சொல்றது? எங்க செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். சீனாவுல ஜிங்தெஜென்னு ஒரு ஊர். உலகத்தோட பீங்கான் தலைநகரம் அதுதான். நீலமும் வெள்ளையுமா நாம பார்க்கிற ஜாடிகள்ல பேர்போனதுல நிறைய அங்க இருந்து வந்தது. ஜப்பான், வியட்நாம், ஈரான், ஹாலந்துன்னு எல்லாருமே அதைப் பார்த்துச் செஞ்சாங்க. அதனாலதான் முன்பக்கத்து ஓவியத்தை மட்டும் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. ஓவியத்தை யாரு வேணும்னாலும் காப்பி அடிக்கலாம்.

(திரையில்: ஜாடியை மெதுவாகக் கவிழ்க்கும் கைகள். அடிப்பகுதி நெருக்கத்தில்.)

கவுத்துப் பாருங்க. தரையில உட்கார்ற அந்த வட்டம் தெரியுதா? அடிவளையம். ஜாடி மேல பளபளன்னு இருக்கிற பூச்சு, அதாவது கிளேஸ், கண்ணாடிதான். சூளையில 1,200, 1,300 டிகிரி சூட்டுல உருகும். அடியிலயும் பூசி வச்சா சூளைத் தட்டோட ஒட்டிக்கும், எடுக்கும்போது உடைஞ்சிடும். அதனால குயவர் அந்த வளையத்துல மட்டும் கிளேஸைத் துடைச்சு எடுத்துடுவாரு. அதாவது, ஜாடியோட நிஜ மண்ணு வெளியில தெரியுறது அந்த இடத்துலதான். மண்ணை அவ்வளவு லேசுல காப்பி அடிக்க முடியாது, அது அந்தந்த ஊரோடது.

வெள்ளை வெளேர்னு, மாவு மாதிரி நைஸா இருந்தா ஜிங்தெஜென் பக்கம் யோசிக்கலாம். உடம்பு பச்சை, அடிவளையம் மட்டும் செங்கல் நிறம்னா சீனாவோட லாங்சுவான் ஊர்ப் பச்சைப் பீங்கானா இருக்கலாம். அந்த மண்ணுல இரும்பு இருக்கு. சூளை ஆறும்போது காத்துப் பட்ட இடம் சிவந்துடும். அந்த வளையத்துல ஒரு சொட்டுத் தண்ணி வச்சுப் பாருங்க. சர்ருன்னு உறிஞ்சிக்கிட்டா அது குறைஞ்ச சூட்டுல வெந்த மண்பாண்டம், பீங்கானே கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இங்க சொல்லியே ஆகணும். சீனாவோட வட சோங் வம்சக் காலத்து 'ரூ' பீங்கான், உலகத்துலயே அரிதானதுல ஒண்ணு. அதுல அடிவளையத்துக்கும் சேர்த்து முழுக்க கிளேஸ் பூசியிருப்பாங்க. அப்போ சூளையில எப்படி நிக்க வச்சாங்க? ஊசி முனை மாதிரி குட்டிக் குட்டித் தாங்கிகள் மேல! கவுத்துப் பார்த்தா எள்ளு அளவுல மூணோ அஞ்சோ தழும்பு இருக்கும். சுமார் 900 வருஷத்துக்கு முன்னாடி ஒரு குயவர் எடுத்துக்கிட்ட அக்கறை அந்த எள்ளு அளவுத் தழும்புல தெரியுது. என்ன ஒரு கைத்திறன்!

அடுத்தது, அடியில எழுதியிருக்கிற முத்திரை. நிறைய சீன ஜாடிகள்ல ஆறு எழுத்து இருக்கும்: எந்த வம்சம், எந்தப் பேரரசர் காலத்துல செஞ்சதுன்னு. படிச்சுட்டா முடிஞ்சதுன்னு நினைப்பீங்க. இல்லவே இல்ல. செங்ஹுவா பேரரசர் ஆண்டது 1464ல இருந்து 1487 வரைக்கும். ஆனா அவர் பேர் போட்ட ஜாடி ஏகப்பட்டது காங்சி பேரரசர் காலத்துல, அதாவது ரெண்டு நூற்றாண்டு கழிச்சு செஞ்சது! எல்லாமே ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியாது. நம்ம வீட்டுல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறோம்ல? அதே மரியாதைதான். செங்ஹுவா காலத்து வேலைப்பாட்டை அவ்வளவு உயர்வா நினைச்சாங்க. பேரை வச்சு ஆளோட வயசைச் சொல்ல முடியுமா? முடியாதுல்ல? ஜாடிக்கும் அதே கதைதான்.

நம்பலாம்ங்கிற மாதிரி ஒரு எழுத்து இருக்கு, அது ஆங்கில எழுத்து. 1890ல அமெரிக்கா ஒரு சுங்கவரிச் சட்டம் போட்டது: இறக்குமதியாகுற பொருள்ல செஞ்ச நாட்டோட பேர் இருக்கணும். அதனால 'சைனா'ன்னு ஆங்கிலத்துல இருந்தா அது பெரும்பாலும் 1891க்கு அப்புறம் வந்தது. 'நிப்பான்'னு இருந்தா 1891ல இருந்து 1921க்குள்ள. 'ஆக்குபைட் ஜப்பான்'னு இருந்தா இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு, ஜப்பான் அமெரிக்கப் பிடியில இருந்த காலம், 1952க்கு முன்னாடி. பாட்டி காலத்து ஜப்பான் கப் வீட்டுல இருந்தா இப்பவே திருப்பிப் பாருங்க.

(திரையில்: யானைத்தலைக் கைப்பிடி வைத்த இரண்டு உயரமான ஜாடிகள்.)

இப்போ மெயின் விஷயம். இந்த ரெண்டு ஜாடியும் இப்போ லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. 'டேவிட் ஜாடிகள்'னு பேரு. சேகரிச்சவர் பெர்சிவல் டேவிட். பிறந்தது நம்ம பம்பாய்ல, 1892ல. தனித்தனியா வேற வேற இடத்துல கிடந்த ஜோடியைத் தேடி ஒண்ணு சேர்த்தவர் அவர். ஒவ்வொண்ணும் ரெண்டடிக்கு மேல உயரம். கழுத்துல பீனிக்ஸ் பறவை, உடம்புல மேகத்துக்கு நடுவுல டிராகன், கீழ அலை. ஆனா நீங்க பார்க்க வேண்டியது கழுத்தோட மேல் பகுதி. வாழை இலை மாதிரி வரைஞ்சிருக்கிற இடத்துல, வரிசையா எழுத்து.

என்ன எழுதியிருக்கு? ஜாங் வென்ஜின்னு ஒருத்தர். யூஷான் வட்டம், இன்ன கிராமம்னு முழு முகவரியோட இருக்கு. ஒரு தூபக்கால், ஒரு ஜோடிப் பூ ஜாடி, இதைக் கோயிலுக்குக் காணிக்கையா கொடுக்கிறேன். என் குடும்பம் காப்பாத்தப்படணும், பிள்ளைகள் நல்லா இருக்கணும். தேதி: ஜிஜெங்ங்கிற ஆட்சிக் காலத்தோட 11ஆம் ஆண்டு, நாலாம் மாசம். நம்ம கணக்குல 1351!

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்பீங்க. இந்த எழுத்து வெளிய தெரியுற வரைக்கும் நல்ல தரமான நீல வெள்ளைப் பீங்கான் 1368க்கு அப்புறம், மிங் வம்சத்துலதான் வந்ததுன்னு நிறைய பேர் நினைச்சாங்க. 1929ல ஹாப்சன்ங்கிற அறிஞர் இந்த எழுத்தை வெளியிட்டப்போ பெருசா யாரும் கண்டுக்கல. 1950கள்ல ஜான் போப்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், இஸ்தான்புல் டோப்காப்பி அரண்மனையிலயும் ஈரான் அர்டபில் சேகரிப்புலயும் இருந்த பீங்கான்களை இந்த ரெண்டு ஜாடியோட ஒப்பிட்டுப் பார்த்தாரு. அதே அலை, அதே இலை, அதே தூரிகை. தேதி எழுதாத எத்தனையோ ஜாடிகளுக்கு ஒரே நேரத்துல வயசு கிடைச்சிடுச்சு! தன் பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு ஒரு தகப்பன் எழுதின வேண்டுதல் பீங்கான் வரலாற்றையே திருத்தி எழுதிடுச்சு. எனக்கு இந்த இடம் எத்தனை தடவை படிச்சாலும் சிலிர்க்குது. கூடக் கொடுத்த அந்தத் தூபக்கால் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல.

கவனிங்க, அந்த எழுத்தையும் எழுத்துக்காக மட்டும் நம்பல. மத்த ஜாடிகளோட பொருந்தினதாலதான் நம்பினாங்க.

நிறமும் பேசும். அந்தக் காலத்து நீலத்துக்கு கோபால்ட் ஈரான் பக்கம் இருந்து வந்தது. அதுல இரும்பு அதிகம், மாங்கனீஸ் கம்மி. சீனாவுலயே கிடைக்கிற கோபால்ட்ல மாங்கனீஸ் அதிகம். எக்ஸ்ரே கருவியில ஜாடியை உடைக்காமலே இதை அளந்துடலாம். வெறும் கண்ணுக்குக் கூட, ஈரான் நீலத்துல அங்கங்க கருப்பா புள்ளி திரண்டு நிக்கும். ஆனா உஷார்: 18ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் அந்தப் புள்ளியையும் தூரிகையால தொட்டுத் தொட்டு வச்சாங்க.

விரிசல் விழுந்திருந்தா பழசுன்னு நம்பாதீங்க. கிளேஸும் மண்ணும் ஒரே அளவுல சுருங்கலைன்னா, சூளையை விட்டு வந்த அன்னைக்கே விரிசல் விழும். தேயிலைத் தண்ணியில ஊறவச்சா பழுப்பும் ஏறிடும்.

ஆய்வகத்துல வெப்ப ஒளிர்வுச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. மண்ணுல சேர்ந்திருக்கிற கதிரியக்க ஆற்றல், சூடு பண்ணும்போது வெளிச்சமா வெளிய வரும். சூளையில வெந்த அன்னைக்குக் கணக்கு பூஜ்யம் ஆயிருக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு சேர்ந்திருக்குன்னு அளக்கலாம். வருஷம் துல்லியமா வராது, ஆனா 700 வருஷமா 70 வருஷமான்னு பிரிச்சுடலாம். போலி செய்யுறவங்க பழைய அடிப்பகுதியைப் புது உடம்புல ஒட்ட வச்சு இதையும் ஏமாத்தப் பார்ப்பாங்க. அதனால ஒரே இடத்துல மட்டும் மாதிரி எடுத்தா பத்தாது.

இது எல்லாம் எங்கயோ நடக்கிற கதைன்னு நினைக்காதீங்க. ராமநாதபுரம் மாவட்டத்துல கடலோரமா இருக்கிற பெரியபட்டினம். 1987ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்க அகழாய்வு பண்ணினப்போ சீனப் பீங்கான் ஓடுகள் கிடைச்சது. லாங்சுவான் பச்சை, ஜிங்தெஜென் நீல வெள்ளை ரெண்டுமே! ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம்ம ஆய்வாளர்களும் அந்த ஓடுகளை ஆராய்ஞ்சு, 13, 14ஆம் நூற்றாண்டுல சீனாவோட நடந்த வணிகத்தைக் காட்டினாங்க. உடைஞ்ச ஓட்டுக்கு ஏலத்துல விலை கிடையாது. ஆனா எந்த மண் அடுக்குல கிடக்குதோ, அந்த அடுக்குக்கே அது காலம் சொல்லுது. என்னைக் கேட்டா 77 லட்சம் யூரோ ஜாடியை விட இந்த ஓடுதான் பெரிய சொத்து. அதனால கடற்கரைப் பக்கம் வயல்ல இப்படி ஓடு பார்த்தா, பொறுக்கி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடாதீங்க. இருந்த இடத்துலயே படம் எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க.

உங்க வீட்டுல பழைய ஜாடி இருந்தா எனக்குப் படம் அனுப்புங்க. முன்பக்கம் ஒண்ணு போதும். அடிப்பக்கம் மூணு வேணும்: நேரா ஒண்ணு, பக்கவாட்டு வெளிச்சத்துல ஒண்ணு, அடிவளையத்தை ஒட்டி நெருக்கமா ஒண்ணு. பக்கத்துல ஒரு அஞ்சு ரூபா காசு வச்சு எடுங்க, அளவு புரியும். முக்கியமா, அழுக்கைத் தேய்ச்சுக் கழுவிடாதீங்க. அடுத்த வீடியோவுல அதுல இருந்து பத்து ஜாடியை எடுத்து, ஒவ்வொண்ணா கவுத்துப் பார்க்கலாம்!