இயேசுவைக் கொன்னது யாரு? அக்கா பொண்ணு கேட்ட கேள்வி

எல்லாருக்கும் வணக்கங்க. நேத்து குருத்து ஞாயிறு முடிஞ்சுது, இன்னைக்கு புனித வாரத்துத் திங்கக்கிழமை. நான் கிருஷ்ணகிரியில எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மாந்தோப்புல உக்காந்திருக்கேன். தூரத்துல தெரியுறது நம்ம மலைக்கோட்டை. காத்து ஜாஸ்தியா இருக்கு, சத்தம் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ரெண்டு வாரம் முன்னாடி எங்க அக்கா பொண்ணு, ஆறாவது படிக்கிறா, மறைக்கல்வி வகுப்பு முடிச்சுட்டு வந்து, "மாமா, யூதருங்க எல்லாருமே கெட்டவங்களா?"ன்னு கேட்டா. ஏம்மா அப்படிக் கேக்குறன்னேன். "அவங்கதானே இயேசுவைக் கொன்னாங்க? வகுப்புல சொன்னாங்களே"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா சின்ன வயசுல நானும் இதையேதான் கேட்டு வளர்ந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ஒரு யூதரைக்கூட நான் நேர்ல பார்த்ததில்லைங்க. ஆள் வரலை, அவங்க மேல போட்ட பழி மட்டும் எங்க வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துடுச்சு.

முதல்ல ஒண்ணு. சிலுவையில அறையறது ரோமானியர் குடுத்த தண்டனை. உத்தரவு போட்டவன் பிலாத்து, ஆணி அடிச்சவங்க ரோமைப் படைவீரர்கள். ஞாயித்துக்கிழமை நாம சொல்ற விசுவாச அறிக்கையைக் கவனிச்சிருக்கீங்களா? அதுல இயேசு, மாதா பேரைத் தவிர வேற ஒரே ஒரு மனுஷன் பேருதான் வரும்: போஞ்சு பிலாத்து. தலைமைக் குரு கயபா பேரு இல்லை, யூதாஸ் பேரு கூட இல்லை. இந்தப் பிலாத்து கி.பி. 26லருந்து 36 வரைக்கும் யூதேயாவுக்கு ஆளுநரா இருந்தவன். அவன் பேரு வெட்டின கல்லு 1961ல இஸ்ரேல்ல இருக்கிற செசரியாவுல கிடைச்சுது.

தலைமைக் குருக்களுக்கு இதுல பங்கே இல்லைன்னு நான் சொல்ல வரலை. நற்செய்தியில தெளிவா இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஆனா சிலுவைக்குக் கீழ நின்ன மாதா யார்? யூதப் பொண்ணு. வழியில அழுதுட்டே வந்த பெண்கள், உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் பண்ணின அரிமத்தியா யோசேப்பு, எல்லாருமே யூதர்கள்தான். யோசேப்பு, இயேசுவை விசாரிச்ச யூதத் தலைமைச் சங்கத்துலயே ஒருத்தர், அவங்க முடிவுக்கு அவர் சம்மதிக்கலைன்னு லூக்கா எழுதுறாரு. எல்லாத்துக்கும் மேல, சிலுவையில தொங்கினவரே யூதர்.

அப்புறம் பழி எங்கிருந்து வந்துச்சு? மத்தேயு 27ஆம் அதிகாரம், 25ஆம் வசனம். பிலாத்து கையைக் கழுவினதும் கூட்டம் கத்துது, இவனுடைய இரத்தப்பழி எங்க மேலயும் எங்க பிள்ளைங்க மேலயும் விழட்டும்னு. ஒரு முற்றத்துல, ஒரு காலையில, தூண்டிவிடப்பட்ட ஒரு கூட்டம் போட்ட சத்தம் இது. அதைப் பின்னாடி வந்தவங்க ஒரு இனத்துக்கே போட்ட சாபமா ஆக்கிட்டாங்க. 1096ல சிலுவைப்போர்னு கிளம்பின கும்பல்கள் ஜெர்மனியில ரைன் நதிக்கரையில வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்கள்ல யூதக் குடும்பங்களையே வெட்டிச் சாய்ச்சுது. கிறிஸ்துவைக் கொன்னவங்களைப் பழிவாங்குறோம்னு சொல்லித்தான் செஞ்சாங்க. "தந்தையே, இவர்களை மன்னியும்"னு சிலுவையில இருந்து கேட்டவர் பேரைச் சொல்லியே செஞ்சாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரலைங்க.

நம்ம திருச்சபை இதை வெளிப்படையாத் திருத்த 1965 அக்டோபர் 28 வரைக்கும் ஆச்சு. உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல ஆயர்கள் ஓட்டுப் போட்டாங்க: ஆதரிச்சு 2,221, எதிர்த்து 88. இயேசுவோட பாடுகள்ல நடந்ததை அன்னைக்கு இருந்த எல்லா யூதர்கள் மேலயும் சுமத்தக் கூடாது, இன்னைக்கு இருக்கிற யூதர்கள் மேல சுமத்தவே கூடாதுன்னு எழுதி வெச்சாங்க. நம்ம தர்மபுரி மறைமாவட்டம் உருவானது 1997ல. அதாவது இந்த மறைமாவட்டம் பிறக்கிறதுக்கு 32 வருஷம் முன்னாடியே முடிஞ்ச விஷயத்தை, இன்னைக்கும் ஒரு குழந்தை தப்பாக் கேட்டுட்டு வருது. அதுதான் எனக்கு வலிக்குது.

இதைவிடப் பழசு ஒண்ணு இருக்கு. திரிதெந்துங்கற ஊர்ல ஆயர்கள் கூடின பழைய சங்கத்துக்குப் பிறகு 1566ல வந்த மறைக்கல்வி நூல். யூதர்களோட குற்றத்தைவிட நம்ம குற்றம் பெருசுன்னு அதுலயே சொல்லியிருக்காங்க. அவங்க அறியாமச் செஞ்சாங்க. நாம அவரைத் தெரியும்னு சொல்லிக்கிட்டே பாவம் பண்றோம். 400 வருஷமா அலமாரியில இருந்த வார்த்தைங்க இது!

ஓசூர்ல எனக்கு ஒரு பெந்தெகொஸ்தே சகோதரர் இருக்காரு. அவர்கிட்ட பேசினப்போ ஏசாயா 53ஐ எடுத்துக் காட்டினாரு. "பிரதர், மனுஷங்க யாரும் அவரைக் கொல்ல முடியாது, இது பிதாவோட சித்தம், அவரே தன் ஜீவனைக் குடுத்தாரு"ன்னாரு. யோவான் 10லயும் அப்படித்தான் இருக்கு, நான் மறுக்கலை. ஆனா அதோட நிறுத்திட்டா பிலாத்தும் நானும் சுலபமாத் தப்பிச்சுடுவோம்னு எனக்குத் தோணுது. அவர் மனசாரக் குடுத்தாருங்கறதும் உண்மை, நாம எடுத்தோங்கறதும் உண்மை.

குழந்தைக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்றது? நம்ம பக்கத்துப் பாரதக் கூத்துதான் கை குடுத்துச்சு. பக்கத்துத் தெருவுல கூத்து வெச்சா நாங்களும் போய் விடிய விடிய உக்காந்திருப்போம். "கர்ணனைக் கொன்னது யாரு சொல்லு?"ன்னு கேட்டேன். அர்ச்சுனன்னா. அப்போ பரசுராமர் சாபம்? கவச குண்டலத்தை வாங்கிட்டுப் போன இந்திரன்? ரெண்டாம் தடவை நாகாஸ்திரம் விடாதேன்னு வரம் வாங்கின குந்தி? தேரை விட்டு இறங்கிப் போன சல்லியன்? கண்ணன்? அவ ஒவ்வொரு விரலா மடக்கிக்கிட்டே வந்தா. "இவ்ளோ பேர் இருந்தும், அர்ச்சுனன் வம்சத்தையே இன்னைக்கு வரைக்கும் யாராச்சும் திட்டுறாங்களா?"ன்னேன். இல்லைன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ இயேசுவுக்கு யாரு மாமா?"ன்னா. ஞாயித்துக்கிழமை கோயில்ல காதைக் குடுத்துக் கேளு, அந்த இரத்தப்பழி வார்த்தையை யார் சொல்றாங்கன்னு பாருன்னு சொன்னேன்.

கோயில்ல நற்செய்தி வாசிக்கிற மூணு வருஷச் சுற்றுல இந்த வருஷம் மத்தேயு. நேத்து பாடுகளின் வரலாறு வாசிச்சப்போ சாமியார் இயேசுவோட பகுதி, வாசகர் மத்த பகுதி, கூட்டத்தோட பகுதி எப்பவும் போல மக்களுக்கு. குருத்தோலையைக் கையில பிடிச்சுக்கிட்டு கோயிலே எழுந்து நிக்குது. இரத்தப்பழி வசனம் வந்துச்சு. எல்லார் வாயிலருந்தும் ஒண்ணா வந்துச்சு. அவ தாளைப் பார்த்தா, சுத்தி நிக்கிற எங்க எல்லாரையும் பார்த்தா, என்னை நிமிர்ந்து பார்த்தா.

அப்புறம் மெதுவா அவளும் சொன்னா.