கண்டும் விட்டுவைத்த பிழை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 1987இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்னும் சண்டை வீடியோ விளையாட்டைவிட, 1991இல் வந்த அதன் இரண்டாம் பாகமே சிறந்தது என்பது எங்கள் அணியின் கட்சி.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “உங்கள் இரண்டாம் பாகத்தின் பெருமையெல்லாம் காம்போதான், அதாவது எதிரி மீள்வதற்குள் அடுத்தடுத்து விழும் அடிகள்தான்; அதுவோ தவறிப்போய் வந்தது. தற்செயலுக்கா மாலை போடுகிறீர்கள்?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிச் சென்றார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இங்கிருந்து நகர்வதாக இல்லை.

இரண்டாம் பாகத்தை உருவாக்கிக்கொண்டிருந்த கேப்காம் நிறுவனத்தில் நோரிடகா ஃபுனாமிசு என்பவர், காரை அடித்து நொறுக்கும் போனஸ் சுற்றில் பிழை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கிறார். ஒரு குத்து விழுகிறது. அந்தக் குத்தின் அசைவு முடிவதற்குள்ளேயே இன்னொரு குத்தும் விழுந்துவிடுகிறது. அவையோர் இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிழை தேடப் போனவர் கையில் பிழையே சிக்கிவிட்டது, நடுவர் அவர்களே! திருத்தியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால், அதற்கு வேண்டிய நேரக்கணக்கு எல்லோர் கைக்கும் எளிதில் வசப்படாது என்று கருதி, தேடிக் கண்டுபிடிப்பவர்களுக்கென்று அதை மறைவாக விட்டுவைத்தார்கள். தானாக வந்ததைத் தெரிந்தே காப்பாற்றினார்களே, அந்தத் துணிவுக்குத்தான் நாங்கள் மாலை போடுகிறோம். பின்னால் வந்த சண்டை விளையாட்டுகள் எத்தனையோ அந்தக் காம்போவை நம்பித்தான் பிழைத்தன.

முதல் பாகத்திலோ, ஹடோகென் என்னும் ஆற்றல் பந்தை வீசுவதற்காக ஜாய்ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கம் உருட்டிப் பட்டனை அழுத்தினால், பெரும்பாலும் வெறும் குத்துதான் வரும். கை சொன்னதைத் திரை கேட்டது இரண்டாம் பாகத்தில்தான்.

அதைவிட என் மனத்தை உருக்குவது வேறொன்று. முதல் பாகத்தில் இருவர் மோதினால் ஒருவர் ரியூ, மற்றவர் கென். வேறு வழியே இல்லை. இரண்டாம் பாகம் எட்டு வீரர்களைக் கொண்டுவந்து நிறுத்தி, “உனக்குப் பிடித்தவர் யார்?” என்று கேட்டது. வாய் திறந்து பேசக் கூசிய எத்தனை பிள்ளைகள், சுன்-லியின் காலிலும் தால்சிமின் நீளும் கையிலும் தங்களைக் கண்டுகொண்டார்கள்! முன்பின் தெரியாத இருவர் ஒரே இயந்திரத்தின் முன் தோளுரசி நின்று தோழர்களானார்கள்.

மூத்ததையும் அது மறக்கவில்லை. முதல் பாகத்தின் இறுதி எதிரியான சகாட், ரியூ இட்ட தழும்பை மார்பில் சுமந்துகொண்டுதான் இரண்டாம் பாகத்துக்குள் வருகிறார். தகப்பன் பட்ட காயத்தைத் தன் வீட்டு வாசலிலேயே எழுதிவைத்திருக்கும் இந்தப் பிள்ளைக்குத் தீர்ப்பைத் தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி.