மிச்ச நூலில குட்டிக்கு ஒரு வரித் தொப்பி

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறீங்களோ, இஞ்ச கிளிநொச்சியில இப்ப விடியக்காலமை நல்ல பனி, முத்தத்து வேம்புக்குக் கீழ நிண்டா மழை தூறுற மாதிரிச் சொட்டுது. அக்கான்ர குட்டி பிறந்து 20 நாள்தான், அதான் அவவுக்கு ஒரு தொப்பி பின்னுவம் எண்டு இருந்தனான்.

இந்தா பாருங்கோ, இந்த பிஸ்கட் ரின்னுக்குள்ள கிடக்கிறது முழுக்க மிச்ச நூல். மஞ்சள் அம்மம்மாக்குச் சால்வை பின்னினதில மிஞ்சினது, நீலம் தம்பின்ர சுவெட்டரைக் குலைச்சு எடுத்தது. ஒண்டையும் எறிய மனம் வராது எனக்கு. எல்லாத்தையும் சேத்து 25 கிராம் இருந்தாலே பிறந்த பிள்ளைக்குக் காணும். எல்லாம் ஒரே மொத்தமா இருக்கிற அக்ரிலிக்கா எடுங்கோ, மெல்லிசு எண்டா ரெண்டு இழையாச் சேத்துப் பின்னலாம், ஆனா பருத்தி நூலைக் கலக்காதேங்கோ, அது இழுபடாது.

பின்னல் ஊசி 4 மில்லிமீற்றர், 66 கண்ணி, அதாவது ஊசியில ஏத்திற நூல் வளையம், போட்டிருக்கிறன், அதில ரெண்டு கடைசியா ரெண்டு ஓரத்தையும் சேத்துத் தைக்கிறதுக்கு. விளிம்புக்கு ரெண்டு நிட், அதாவது நேர்க் கண்ணி, ரெண்டு பேர்ல், அதாவது திருப்பிப் பின்னிற கண்ணி, அதுக்குப் பெரிய உருண்டையை எடுங்கோ ஏனெண்டா அதுதான் கன நூல் குடிக்கும்.

இப்ப முக்கியமான விசயம். போன முறை பச்சை பாதி வரிசையில முடிஞ்சு போச்சு, 40 கண்ணியை ஒண்டொண்டாத் திருப்பிக் கழட்டினன், அழுகை வந்திட்டுது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நிறத்தையும் அளந்துதான் தொடங்கிறது. இப்பிடி, நூலைப் பின்னலுக்கு மேல போட்டு அகலத்தை நாலு தரம் அளவுங்கோ, அவ்வளவு நூல் இருந்தா ஒரு வரிசை வடிவா முடியும். ஒரு நிற வரிக்கு ரெண்டு வரிசை, அப்ப எட்டுத் தரம். நிறம் மாத்திறது எப்பவும் ஒரே பக்கத்திலதான்.

பிறகு, சின்னச் சின்னத் துண்டுகளைக் கடைசிக்கு வையுங்கோ. மேல போகப் போகக் கண்ணி குறையுது தானே, ஆறு பின்னி ரெண்டைச் சேத்து ஒண்டாக்கிறம், அடுத்த தரம் அஞ்சு பின்னி, இப்பிடியே குறைச்சுக்கொண்டு போகேக்க நூலும் கொஞ்சமாத்தான் வேணும். இந்தச் சிவப்புத் துண்டைப் பாருங்கோ, ஒரு முழு வரிசைக்குக் காணாது, உச்சியில போட்டா எவ்வளவு எடுப்பா இருக்குது!

நுனியளை முடிச்சுப் போடாதேங்கோ, பிள்ளையின்ர தலை மெத்தெண்டு இருக்கும், முடிச்சு அழுத்தும். தையல் ஊசியால உள்பக்கம் அஞ்சாறு கண்ணிக்குள்ள கொழுவி இழுத்து விடுங்கோ. பிள்ளை நித்திரை கொள்ளேக்க தொப்பியைக் கழட்டி விடோணும், சூடு கூடிப்போகும்.

ஆ, குட்டி எழும்பிட்டா, சத்தம் கேக்குதோ? இருங்கோ, போட்டுப் பாப்பம்.