வெளியிலிருந்து திறக்கிறது, ஆபீஸுக்குள் திறக்கவில்லை: நாட் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். நேயர் ஒருவரின் ஆபீஸில் பிஎஃப்சென்ஸ் பயர்வால் (ஆபீஸுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்ப்பது) இருக்கிறது. உள்ளே பில்லிங் சாப்ட்வேர் ஓடும் சர்வர் ஒன்று. 443 போர்ட்டை அந்தச் சர்வருக்கு பார்வர்ட் செய்திருக்கிறார், அதாவது வெளியிலிருந்து அந்த எண்ணுள்ள வாசலுக்கு வருவதைச் சர்வருக்குத் திருப்பியிருக்கிறார். வீட்டிலிருந்தோ மொபைல் டேட்டாவிலிருந்தோ முகவரியைப் போட்டால் சாப்ட்வேர் ஒழுங்காகத் திறக்கிறது. ஆபீஸ் வைஃபையில் அதே முகவரியைப் போட்டால் பயர்வாலின் லாகின் பக்கம் வந்ததாம். யாரோ சொன்னார்கள் என்று நாட் ரிப்ளெக்‌ஷனை 'ப்யூர் நாட்' என்று மாற்றியிருக்கிறார். நாட் என்றால் வழியில் முகவரியை மாற்றி அனுப்புவது; இந்த அமைப்பு, உள்ளேயிருந்து வெளி முகவரிக்குப் போவதையும் அதே சர்வருக்குத் திருப்புவதற்கு. இப்போது அந்தப் பக்கமும் வருவதில்லை, சுற்றிக்கொண்டே இருந்து டைம் அவுட் ஆகிறது. "எந்த ரூல் தப்பு?" என்று கேட்கிறார்.

உங்கள் போர்ட் பார்வர்ட் ரூலில் தப்பு இல்லை. வெளியிலிருந்து வேலை செய்கிறதே, அதுவே சாட்சி. தயவுசெய்து அதை அழித்துவிட்டு மறுபடி போட ஆரம்பிக்காதீர்கள். நாட் பிரச்சினை என்றாலே எல்லோரும் முதலில் ரூலில்தான் கை வைக்கிறார்கள். அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும். பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எதுவரை போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் ரூல் பக்கம் போக வேண்டும்.

முதலில் லாகின் பக்கம் ஏன் வந்தது? ஆபீஸ் கணினி டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்வது) கேட்டால் உங்கள் பப்ளிக் ஐபிதான், அதாவது இணையத்தில் தெரியும் முகவரிதான், பதிலாக வரும். உதாரணத்துக்கு 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். அது பயர்வாலின் சொந்த ஐபி. போர்ட் பார்வர்ட் ரூலோ வேன் இன்டர்பேஸ் (இணையப் பக்க வாசல்) வழியாக நுழையும் பாக்கெட்டுக்கு மட்டும் எழுதியது. உங்கள் பாக்கெட் லேன் (ஆபீஸ் பக்க வாசல்) வழியாக நுழைகிறது, அதனால் ரூல் அதைத் தொடவே இல்லை. தன் ஐபிக்கு வந்ததால் பயர்வால் தானே பதில் சொல்கிறது. 443இல் அதன் நிர்வாகப் பக்கம் இருக்கிறது, அது வந்துவிட்டது.

இப்போது ப்யூர் நாட் போட்ட பிறகு நடப்பதைக் கவனமாகப் பாருங்கள், விஷயமே இங்கேதான். உங்கள் கணினி 192.168.1.50, சர்வர் 192.168.1.20. கணினி 203.0.113.10க்கு ஒரு சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கக் கேட்பது) அனுப்புகிறது. பயர்வால் அதை வாங்கி, போய்ச் சேர வேண்டிய முகவரியை மட்டும் 192.168.1.20 என்று மாற்றி சர்வருக்கு அனுப்புகிறது. அனுப்பியவர் முகவரி 192.168.1.50 அப்படியே இருக்கிறது. சர்வர் அதைப் பார்த்து, "இவர் என் சப்நெட்டிலேயே (ஒரே உள் நெட்வொர்க்கிலேயே) இருக்கிறார், கேட்வே (வெளியே போகும் வழியான பயர்வால்) எதற்கு?" என்று சின்-ஆக்கை, அதாவது சின்னுக்கான பதிலை, ஸ்விட்ச் வழியாக நேராக அனுப்பிவிடுகிறது. முகவரியைத் திரும்ப மாற்ற வேண்டிய பயர்வால் கண்ணில் அந்தப் பதில் படுவதே இல்லை. கணினி காத்திருப்பது 203.0.113.10இன் பதிலுக்கு. வந்திருப்பதோ 192.168.1.20இலிருந்து. 'நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லையே' என்று ரீசெட் (இணைப்பை மறுக்கும் பாக்கெட்) அனுப்பும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அப்புறம் மறுபடி சின், மறுபடி அதே கதை. அதுதான் நீங்கள் பார்க்கும் டைம் அவுட்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் பாக்கெட் கேப்சர் இருக்கிறது. லேன் இன்டர்பேஸைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கணினியின் ஐபியைக் கொடுத்து ஓட விடுங்கள். பப்ளிக் ஐபிக்கு ஒரு சின் உள்ளே வருவதும், அதே சின் 192.168.1.20க்கு வெளியே போவதும் தெரியும். திரும்பி வருவது ஒன்றும் இருக்காது. அதே நேரம் உங்கள் கணினியில் வயர்ஷார்க்கை (பாக்கெட்டுகளைப் பார்க்கும் சாப்ட்வேர்) திறந்து பார்த்தால், 192.168.1.20இலிருந்து சின்-ஆக் வந்து நிற்பது தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு இந்தச் சந்தேகம் மறுபடி வராது.

தீர்வுக்கு வருவோம். சிஸ்டம், அட்வான்ஸ்டு, பயர்வால் அண்ட் நாட் பக்கத்தில் ரிப்ளெக்‌ஷனுக்குக் கீழேயே 'எனேபிள் ஆட்டோமேட்டிக் அவுட்பவுண்ட் நாட் ஃபார் ரிப்ளெக்‌ஷன்' என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் பயர்வால் அனுப்பியவர் முகவரியையும் தன் லேன் ஐபியாக மாற்றிவிடும். சர்வரின் பதில் பயர்வாலுக்கே வரும், வேலை முடிந்தது. இதைத்தான் ஹேர்பின் நாட் என்கிறோம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சர்வரின் லாகில் ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் ஒரே ஐபியாகத் தெரிவார்கள். பாஸ்வேர்டு தப்பாகப் போட்டால் ஐபியைத் தடுக்கும் ஏற்பாடு அந்த சாப்ட்வேரில் இருந்தால், ஒருவர் செய்த தப்புக்கு மொத்த ஆபீஸும் வெளியே நிற்கும்.

இன்னொரு வழி, டிஎன்எஸ் ரிசால்வரில் ஹோஸ்ட் ஓவர்ரைடு. ஆபீஸுக்குள் கேட்டால் அந்தப் பெயருக்கு நேராக 192.168.1.20 என்று பதில் வரும்படி செய்வது. பயர்வாலைச் சுற்றி வரவே வேண்டாம் என்பதால் பலருக்கு இது பிடிக்கும். நீங்கள் 443ஐ 443க்கே திருப்பியிருப்பதால் உங்களுக்கு ஒத்துவரும். வெளியே 8443, உள்ளே 443 என்று போட்டிருப்பவர்களுக்கு ஒத்துவராது, ஏனென்றால் டிஎன்எஸ் போர்ட்டை மாற்றாது. ஆண்ட்ராய்டு போனில் பிரைவேட் டிஎன்எஸ் (வெளி டிஎன்எஸ்ஸை நேராகக் கேட்கும் வசதி) போட்டு வைத்திருப்பவரும் உங்கள் ரிசால்வரைக் கேட்கவே மாட்டார், அவருக்குப் பழையபடி பப்ளிக் ஐபிதான் கிடைக்கும்.

எனக்குச் சரியாகப் படுவது, சர்வரைத் தனி விலானில் (அதே ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்), தனி சப்நெட்டில் வைப்பது. 192.168.20.20 என்று மாற்றிவிட்டால் சர்வர் பதில் சொல்ல பயர்வால் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ப்யூர் நாட் மட்டும் போதும், அந்த டிக் வேண்டாம், லாகில் உண்மையான ஐபியும் தெரியும். வெளியுலகத்துக்குத் திறந்து வைத்த சர்வர் ஊழியர்களின் கணினிகளோடு ஒரே சப்நெட்டில் இருப்பதே ஆபத்து; அதில் ஒருவன் நுழைந்தால் அடுத்து உங்கள் அக்கவுண்ட்ஸ் கணினிதான். அதையும் விட நல்லது, பில்லிங் சாப்ட்வேரை இணையத்துக்குத் திறக்காமல் விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனிவழி) வைத்துக்கொள்வது. உங்கள் ஊழியர்கள் மட்டும் பயன்படுத்தும் சாப்ட்வேர் என்றால் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

இதே மாதிரி வெளியிலிருந்தே திறக்கவில்லை என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பயர்வாலின் வேன் ஐபியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் ஆரம்பித்தால் உங்கள் இணைய நிறுவனம் உங்களுக்கு மேலேயே ஒரு நாட் வைத்திருக்கிறது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய முகவரிகள் அவை. நீங்கள் எத்தனை ரூல் போட்டாலும் பாக்கெட் உங்கள் வாசலுக்கே வராது, பப்ளிக் ஐபி கேட்டு வாங்கத்தான் வேண்டும். 192.168 அல்லது 10 என்று ஆரம்பித்தால் இணைய நிறுவனத்தின் ரவுட்டரே முன்னால் நாட் செய்துகொண்டிருக்கலாம். வேனில் சின் வருகிறது, லேனில் போகிறது, பதில் மட்டும் இல்லை என்றால் சர்வரின் கேட்வேயைப் பாருங்கள். இரண்டு லைன் இருக்கும் ஆபீஸில் சர்வர் வேறு ரவுட்டரை கேட்வேயாக வைத்திருக்கும். விண்டோஸ் சர்வராக இருந்தால் அதன் சொந்த பயர்வாலையும் பாருங்கள்.

பயர்வால் ரூலில் எந்த ஐபியை எழுதுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். பிஎஃப்சென்ஸில் நாட் முடிந்த பிறகுதான் ரூல் பார்க்கப்படும், எனவே உள் ஐபியை எழுத வேண்டும். பாலோ ஆல்டோ என்ற வேறொரு பயர்வாலில் பழைய பப்ளிக் ஐபியையே எழுத வேண்டும், ஆனால் டெஸ்டினேஷன் ஸோன் (போய்ச் சேரும் நெட்வொர்க் பகுதி) மட்டும் சர்வர் இருக்கும் ஸோன். அதனால் வேறொரு பயர்வாலின் வீடியோவைப் பார்த்து அப்படியே போடாதீர்கள்.

கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று. மாற்றம் செய்ததும் உடனே சோதித்துவிட்டு "இன்னும் வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பழைய ஸ்டேட் (நடக்கும் இணைப்பைப் பற்றி பயர்வால் வைத்திருக்கும் குறிப்பு) இருக்கும்வரை பழைய வழியிலேயே போகும். டயக்னாஸ்டிக்ஸ், ஸ்டேட்ஸ் பக்கத்தில் 192.168.1.50 என்று தேடி, வரும் வரிகளை மட்டும் நீக்குங்கள். 'ரீசெட் ஸ்டேட்ஸ்' வேலை நேரத்தில் வேண்டாம், ஆபீஸில் எல்லோருடைய இணைப்பும் அறுந்துபோகும். அதன் பிறகும் திறக்கவில்லை என்றால் அந்த இரண்டு கேப்சரையும் எடுத்துக் கமெண்டில் போடுங்கள், பப்ளிக் ஐபியை மட்டும் மறைத்துவிடுங்கள்.