மூன்று அணாவும் ஒரு துணைக் கேள்வியும்

நேயர்களுக்கு வணக்கம்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சுதந்திர இந்தியாவின் மக்களவையில் முதன்முதலாக ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம், பிரதமர் நேருவின் அரசுக்கு எதிராக, விவாதத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஆச்சார்ய கிருபளானி. சீனப் போரில் பட்ட அடி இன்னும் ஆறாத நேரம். இருந்தாலும் தீர்மானம் தோற்கும் என்பது கிருபளானிக்கும் தெரியும், வாசலில் நின்ற காவலருக்கும் தெரியும். தோற்கவும் செய்தது. ஆதரவாக 62 வாக்குகள், எதிராக 347.

அந்த வாக்கு எண்ணிக்கை இன்று பெரும்பாலோருக்கு நினைவில்லை. அந்த விவாதத்தில் பேசப்பட்ட ஒரு சிறிய தொகை மட்டும் நிலைத்துவிட்டது: மூன்று அணா.

ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று அப்போதுதான் அவைக்குள் வந்திருந்தார் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா. புதிய உறுப்பினர், எதிரே நேரு. இந்தியாவில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் காலம் தள்ளுகிறார்கள் என்று எழுந்து சொன்னார். பிரதமர் ஒருவருக்காக நாளொன்றுக்கு 25 ஆயிரம் ரூபாய் செலவாகிறது என்று இன்னொரு கணக்கையும் அதன் பக்கத்தில் வைத்தார். நேரு மறுத்தார். மூன்று அணா தவறு, 15 அணா என்றார்.

அணா என்பது சட்டப்படி அப்போது செத்துப்போன நாணயம். 1957 ஏப்ரலிலேயே நயா பைசா வந்துவிட்டது. ஆனாலும் மக்கள் பேச்சில் அணா புழங்கிக்கொண்டிருந்தது. 'காலணா பெறாத விஷயம்' என்று நாம் இன்றும் சொல்கிறோமே! பைசாவில் கணக்குச் சொல்லியிருந்தால் லோகியாவின் பேச்சு அவைக் குறிப்போடு நின்றிருக்கும். அணாவில் சொன்னதால் கடைவீதி வரை போயிற்று.

சரி, இரண்டு பேரில் யார் சொன்னது சரி? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

16 அணா ஒரு ரூபாய். 15 அணா என்றால் 94 பைசா. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 342 ரூபாய். அது அந்நாளைய தலா வருமானத்தை ஒட்டிய தொகை. அதாவது, நாட்டின் மொத்த வருமானத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு என்ன வரும் என்பதன் கணக்கு. மில் முதலாளியும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சமமாகச் சாப்பிட்டதாக வைத்துக்கொண்டால்தான் 15 அணா. லோகியா பேசியது 27 கோடிப் பேரைப் பற்றி. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 44 கோடிப் பேர். ஆக, அவர் கேட்டது பந்தியின் கடைசி வரிசையில் இருந்த, பத்தில் ஆறு பேரைப் பற்றி. அவருக்குக் கிடைத்த பதிலோ மொத்தப் பந்தியின் சராசரி.

கேட்ட கேள்விக்குப் பக்கத்து வீட்டுக் கேள்வியின் பதிலைச் சொல்வது ஆட்சியாளர்களின் பழைய கலை. எல்லா நாட்டிலும், எல்லாக் கட்சியிலும் உண்டு. அந்த இடத்தில்தான் எதிர்க்கட்சி உறுப்பினருக்குச் சோதனை. பதில் வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடலாம். கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்யலாம், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். லோகியா இரண்டையும் செய்யவில்லை. உங்கள் கணக்கு தவறு, என் கணக்கை மெய்ப்பிக்கிறேன் என்று அறைகூவினார். விவாதம் தொடர்ந்தது. திட்டப் பணிகளைக் கவனித்து வந்த குல்சாரிலால் நந்தா, அடித்தட்டு மக்களுக்கு ஏழரை அணா என்று ஒரு கணக்கைச் சொன்னார்.

பாருங்கள், 15 என்று தொடங்கிய அரசு தன் வாயாலேயே ஏழரைக்கு இறங்கி வந்தது. சரிபாதி! லோகியாவின் மூன்று அணா துல்லியமான கணக்கு என்று நான் வாதாட வரவில்லை. அவர் குறைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மூன்று அணா இல்லாவிட்டால் ஏழரை அணா அவைக் குறிப்பில் ஏறியிருக்குமா?

இன்னொரு கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1962இல், அரசு அமைத்த ஒரு பணிக்குழு, ஒருவர் குறைந்தபட்ச வாழ்க்கை நடத்த மாதம் 20 ரூபாய் தேவை என்று வரையறுத்திருந்தது. 1960-61ஆம் ஆண்டு விலைவாசியில், கல்விச் செலவும் மருத்துவச் செலவும் சேர்க்காமல் போட்ட கணக்கு அது. நாளுக்கு வகுத்தால் பத்தரை அணா வரும். அரசே ஒப்புக்கொண்ட ஏழரை அணா, அரசின் குழு வகுத்த பத்தரை அணாவுக்கு மூன்று அணா குறைவு. அந்த மூன்று அணாவை நான் பென்சிலால் கழித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது.

நான் சில ஆண்டுகள் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். மேலிருந்து பார்த்தால் மக்களவை ஒரு கிணறு மாதிரி தெரியும். காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. எந்த உறுப்பினரின் கேள்வி முன்னால் வரும் என்பது குலுக்கலில் முடிவாகும். கேள்வியை குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம்.

அந்தத் துணைக் கேள்விதான் உயிர். எழுதிக் கொடுத்த கேள்விக்கான பதிலை அதிகாரிகள் தயாரித்துவிடுவார்கள். துணைக் கேள்விக்கு அமைச்சர் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். பின்னால் அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். சில அமைச்சர்கள் அந்தச் சீட்டு வரும்வரை, 'மாண்புமிகு உறுப்பினர் மிக நல்ல கேள்வி கேட்டார்' என்று நேரத்தை ஓட்டுவார்கள்.

ஒருநாள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்குக் குலுக்கலில் முதல் இடம் கிடைத்தது. நல்ல கேள்வி, அமைச்சரும் திணறித்தான் பதில் சொன்னார். துணைக் கேள்விக்கு எழுந்த உறுப்பினர் தன் தொகுதியின் பெருமையில் தொடங்கினார், அரசைச் சாடினார், கடைசியில் ஒரே மூச்சில் மூன்று கேள்விகளை அடுக்கினார். அமைச்சர் என்ன செய்தார் தெரியுமா? மூன்றில் மிக எளிய மூன்றாவது கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் இருந்த மூத்த செய்தியாளர் பேனாவை மூடிவிட்டு, 'தோட்டா மூன்று, குறி ஒன்றும் இல்லை' என்றார்.

பட்ஜெட் காலத்தில் இன்னொரு கருவி இருக்கிறது, வெட்டுத் தீர்மானம். ஒரு துறையின் கொள்கையே பிடிக்கவில்லை என்றால், அத்துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது செலவுக்காக அவையிடம் கேட்கும் தொகையை, ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் தீர்மானம் கொடுக்கலாம். ஒரு ரூபாய்! கேலியும் கோபமும் ஒன்றாக இருக்கும் அழகான ஏற்பாடு. ஆனால் பல துறைகளின் கோரிக்கைகள் விவாதத்துக்கே வராமல், கில்லட்டின் என்ற முறையில் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேறிவிடுகின்றன.

கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டும்தானா என்று கேட்பீர்கள். 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஒரு கோடியே 24 லட்சம் ரூபாய், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏன் போடப்பட்டது என்று குடைந்தவர் ஃபெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமரின் மருமகனும்கூட. சாக்ளா விசாரணை ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கட்சிக் கொறடாவின் பிடி இறுகிவிட்ட இந்நாளில் அப்படி ஓர் ஆளும் கட்சி உறுப்பினரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். அதனால் சுமை முழுவதும் எதிர் வரிசையின் தோளில் விழுந்திருக்கிறது.

2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை நீக்கினார்கள். எழுத்துப்பூர்வமான பதில்கள் மட்டும் உண்டு, துணைக் கேள்வி இல்லை. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு எதுவும் இல்லை, எனவே இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. 'எழவில்லை' என்பது நாடாளுமன்றப் பதில்களில் வழக்கமான சொல்தான். அன்று அதைப் படித்தவர்களுக்கு வழக்கமாகத் தோன்றவில்லை. அப்படியானால் யார்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று எழுந்து கேட்க அவையில் வழி இல்லை.

அதே கூட்டத்தொடரில், மாநிலங்களவையில், திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் டெரிக் ஓ பிரையன் கேள்வியைச் சுருக்கி, வேறு கதவைத் தட்டினார். புலம்பெயர்ந்த தொழிலாளர்களை ஊர் சேர்க்க விடப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ரயில்வே அமைச்சகத்தைக் கேட்டார். ரயில்வே போலீஸின் பதிவேடு இருக்கிறது, தரவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. செப்டம்பர் 9ஆம் தேதி வரை 97 பேர் என்று பதில் வந்தது.

வணக்கம்.