பவுண்டுக்கு 15 மில்லி

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். இன்னும் சில நாளில் தண்ணீர்த் திருவிழா. ரங்கூன் தெருவில் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொள்ளப் போகிறோம். வாய்க்குள் எவ்வளவு போகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. 2024 ஏப்ரல் 28 அன்று சௌக் ஊரில் 48.2 டிகிரி வெயில் அடித்த நாடு நம் பர்மா.

ஆளாளுக்கு ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்கிறார்கள். எந்த டம்ளர்? டீக்கடைக் கண்ணாடி டம்ளரா, வீட்டு எவர்சில்வர் செம்பா? முதலில் உங்கள் டம்ளரை அளந்து வையுங்கள். அப்புறம் எடைக் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 30 முதல் 35 மில்லி. இங்கே எடையைப் பவுண்டில் சொல்லித்தானே பழக்கம்? பவுண்டுக்கு 15 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 130 பவுண்டு ஆளுக்கு 1,950 மில்லி. 200 மில்லி டம்ளரில் பத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இது அத்தனையும் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. டீக்கடை மேசையில் சும்மா கிடைக்கும் வெறும் தேயிலைத் தண்ணீர், மோர், மீன் குழம்பில் சேமியா போட்ட மொகிங்காவின் சாறு எல்லாம் சேர்த்திதான். டீ குடித்தால் குடித்ததெல்லாம் சிறுநீராகப் போய்விடும் என்பது வீண் பயம்.

250 பவுண்டு உள்ளவர் அப்படியே பெருக்கினால் மூன்றே முக்கால் லிட்டர் வரும். அவ்வளவு வேண்டாம். தசையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் மிகக் குறைவு. உயரத்துக்கு ஏற்ற எடையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். வயதானவர்களுக்குப் பவுண்டுக்கு 13 போதும். ஆனால் அவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. கேட்கட்டும் என்று காத்திருக்காமல் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 25 கிலோ பிள்ளைக்கு 1,600 மில்லி, பால், சாப்பாட்டில் உள்ள ஈரம் உட்பட. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். வெயில் என்று ஒரு சங்குத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், பாட்டிமார்களே.

இதெல்லாம் நிழலில் இருப்பவர் கணக்கு. வயலிலும் கட்டட வேலையிலும் நிற்பவர் வேலைக்கு முன்னும் பின்னும், வியர்வைத் துணியைக் களைந்துவிட்டு எடை பார்க்கட்டும். ஒரு பவுண்டு குறைந்தால் 450 மில்லி வியர்வை போயிருக்கிறது. போனதைப்போல் ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும். 2 பவுண்டு குறைந்தவருக்கு ஏறக்குறைய 1.35 லிட்டர். சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, உப்புள்ள சாப்பாட்டோடு.

எடை கூடியிருந்தால்? தேவைக்கு மேல் குடித்துவிட்டார். சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தள்ளுவது கடினம். அதை மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, புத்தி தடுமாற்றம், கடைசியில் வலிப்பு. இங்கேதான் ஆபத்து: தலைவலியை வெயில் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். சந்தேகம் வந்தால் தண்ணீரை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயிற்றுப்போக்குக்கு வெறும் தண்ணீர் போதாது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

எடை பார்க்க முடியாத நாளில் சிறுநீரைப் பாருங்கள். காலையில் முதலில் போவது எப்போதும் அடர்த்திதான், அதை விடுங்கள். மத்தியானம் வைக்கோல் நிறம் இருந்தால் சரி. தேயிலைத் தண்ணீர் நிறம் வந்தால் போதவில்லை. பி வைட்டமின் மாத்திரை போடுகிறவருக்கு நிறம் மஞ்சளடிக்கும், அவர் இதை நம்பக் கூடாது.

இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நான் சொன்ன 15-ஐ மறந்துவிடுங்கள். டாக்டர் சொன்ன அளவுதான் உங்கள் அளவு. மற்றவர்களுக்கு வாசலில் எடை மிஷின் வைத்திருக்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.