28 வருஷம் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். சபைத் தலைமைக்குத் துணிச்சல் எவ்வளவு வேண்டும், நிதானம் எவ்வளவு வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். எதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாலும் நான் அசரியாவிடம்தான் போய் நிற்பேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளைக்காரர். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். கேட்டவர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்றார். அவர்கள் பிரசங்கிக்கிற, அன்பைப் பற்றிய வேதாகம அதிகாரமான 1 கொரிந்தியர் 13ஐயே எடுத்து அவர்களிடமே நீட்டினார். சரி, இது பலருக்கும் தெரிந்த கதை. பிறகு அவர் கோபித்துக்கொண்டு விலகிவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஊர் திரும்பி, அதே மேல்நாட்டாரோடு வேலை செய்தார். 1912 டிசம்பரில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குப் பேராயர், அதாவது பிஷப், ஆனார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

அப்புறம் 1919 மே மாதம், தரங்கம்பாடி. அசரியாவும் சேர்த்து 33 பேர் கூடினார்கள், கிட்டத்தட்ட எல்லாரும் இந்தியர்கள். அந்தக் காலத்தில் நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன். எந்த மிஷன் முதலில் ஊருக்குள் வந்ததோ, அதுதான் அந்த ஊர்ச் சபை. இந்தப் பிரிவினையை நாங்கள் உண்டாக்கவில்லை, இது நீடிக்கவும் விரும்பவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். எழுத இரண்டே நாள். அப்படிப் பிரிந்திருந்த சபைகள் சில இணைந்து தென்னிந்திய திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்ததோ 1947 செப்டம்பர் 27இல்.

நடுவில் 28 வருஷம்! எங்கே சிக்கியது தெரியுமா? ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் உண்டு, மற்ற சபைகளில் இல்லை. பேராயர் தலைமேல் கைவைத்து அபிஷேகம் பண்ணாதவர் குருவானவரா (போதகரா) என்ற கேள்வியில். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். இணைகிற சபைகளின் போதகர்கள் எல்லாரும் அப்படியே போதகர்கள், மறு அபிஷேகம் கிடையாது. இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கைவைப்பார். சபையாரின் மனச்சாட்சி ஒப்பாத போதகரை அந்தச் சபைமேல் திணிப்பதில்லை என்று உறுதிமொழியும் கொடுத்தார்கள். அந்த உறுதிமொழியைத்தான் நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொள்கையில் துணிந்தார்கள், ஆட்களிடம் பொறுத்துப் போனார்கள். மறுபடியும் சொல்கிறேன், கொள்கையில் துணிச்சல், ஆட்களிடம் பொறுமை.

இன்று பல சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கிற சபைகளில், இது தலைகீழ். கமிட்டியில் எதிர்த்துப் பேசினவரை அடுத்த மாசமே ஓரங்கட்டத் துணிச்சல் வருகிறது. கணக்கைச் சபை முன்னால் வாசியுங்கள் என்றால் மட்டும், ஐயா, கொஞ்சம் நிதானமாகப் போவோமே என்கிறார்கள்.

அதற்காக அந்த 28 வருஷத்தையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். அதில் பாதி நிதானம் என்றால் மீதி பயம். 1945 ஜனவரி முதல் தேதி அசரியா காலமானார். இணைப்பைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பெண் குருமார் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று இங்கே கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். தென்னிந்திய திருச்சபையில் முதல் பெண் குருவானவர் அபிஷேகம் பெற்றது 1976இல். முதல் பெண் பேராயராக புஷ்ப லலிதா அம்மா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல். இந்த 37 வருஷத்தில் நிதானம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வணக்கம்.